கொடிக்கயிற்றில் இருந்து தொடங்கும் போர்வை

கையால் போர்வை தைக்கிறவர்கள் வீட்டுக்குப் போனால் அவர்கள் படுக்கிற கட்டிலைப் பாருங்கள். பெரும்பாலும் கடையில் வாங்கிய பாலியெஸ்டர் கம்ஃபர்ட்டர்தான் கிடக்கும். தைத்ததெல்லாம் வெளியே போயிருக்கும். தம்பி குழந்தைக்கு ஒன்று, தோழி மகளின் கல்யாணத்துக்கு ஒன்று, கீழ்வீட்டுப் பாட்டியின் சாய்வு நாற்காலிக்கு ஒன்று. எங்கள் வீட்டிலும் இத்தனை வருடமாக இதுதான் நடப்பு. ஆசையாகக் கேட்கிறார்கள், கேட்டதும் கொடுக்கத் தோன்றுகிறது. கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த ஆண்டு எங்கள் கட்டிலுக்கென்று, நானும் அவரும் தினமும் போர்த்திக்கொள்வதற்கென்று, போர்வைகள் தைக்கப் போகிறேன். ஊசி எடுப்பதற்கு முன்னால் நோட்டில் எழுதி, அடித்து, திருத்திக்கொண்டே வந்தவற்றை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பரிசுப் போர்வைக்கு அழகு முதலில் வந்து நிற்கும். பிரித்தவுடன் "அட!" என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்காகவே நிறமும் வடிவமும் தேடுவோம். வாங்கிக்கொள்பவரின் மெத்தை எவ்வளவு உயரம், அவர் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குபவரா, அந்த வீட்டில் துணி துவைப்பது யார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. சொந்தக் கட்டில் என்றால் இது அத்தனையும் தெரியும். யாருக்கு முதலில் கால் சில்லிடும், யார் நடு இரவில் போர்வையை உதைத்துத் தள்ளுவார் என்பது வரை தெரியும். தெரிந்ததை எல்லாம் வைத்துத் திட்டம் போட்டால் வருகிற போர்வை வேறு மாதிரிதான் இருக்கும்.

இன்று அருங்காட்சியகங்களில் மாட்டி வைத்துப் பார்க்கிற போர்வைகள் பலவும் அப்படிச் சொந்தப் படுக்கைக்காகத் தைத்தவைதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து போகும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்து அடிமைகளாக இருந்தவர்களின் வழியில் வந்த கறுப்பினப் பெண்கள் அங்கே கிழிந்த டெனிம், வயல் வேலைக்குப் போட்ட சட்டை, முட்டி தேய்ந்த பேன்ட் எல்லாவற்றையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். பலகை இடுக்கில் காற்று நுழைகிற வீடுகள். குழந்தைகள் குளிரில் நடுங்கக் கூடாது என்பதுதான் முதல் தேவை. 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் வேலை அந்தப் பக்கத்துப் பெண்களின் கூட்டுறவுக்கு வந்தது. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் அவர்கள் வீட்டுப் போர்வைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுவரில் மாட்டியபோது நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டு வியந்தார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலைகளாகவும் வெளியிட்டது.

வங்காளத்துக் காந்தாவும் அப்படித்தான். பழைய சேலை, பழைய வேட்டிகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தது. குளிர்காலத்துக்குக் கெட்டியாக அடுக்கித் தைப்பதற்கு லேப் காந்தா என்று பெயர். நம் கோயில் கலையைப் பற்றி எழுதிய ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்து வைத்த காந்தாக்கள் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கண்காட்சிக்கென்றே தைக்கப்படுகிற, சுருக்கமே விழாத இன்றைய போட்டிப் போர்வைகளையும் நான் படத்தில் பார்த்திருக்கிறேன். அந்தத் திறமைக்கு என் மரியாதை உண்டு. ஆனால் என் மனம் போவது படுத்து, துவைத்து, ஒட்டுப்போட்ட போர்வைகளிடம்தான்.

சரி, எங்கள் கட்டிலுக்கு வருவோம்.

நாங்கள் இருப்பது குன்னூரில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்குகிற நாட்கள் உண்டு. ஏப்ரலிலும் விடியற்காலையில் ஏதாவது ஒன்று போர்த்தத்தான் வேண்டும். வெளியூர்க்காரர்கள் குன்னூர் என்றதும் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்குக் குளிரைவிடப் பெரிய விஷயம் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம் நன்றாகவே பிடிக்கும். மழை விட்டாலும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும். துவைத்த ஜீன்ஸ் காய்வதற்கே நாட்கணக்கில் ஆகும். அலமாரியில் மடித்து வைத்த துணி பூசணம் பிடிக்கும்.

நான் முதலில் வரைந்த திட்டம் தடிமனான ஒரே போர்வை. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, கீழே ஒரு முழுத்துணி. அமெரிக்கப் பாணி குவில்ட்டுகளின் அமைப்பு அது. படத்தை அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. துவைச்சா யாரு தூக்கிக் கொடியில போடுறது?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 84 அங்குல நீளம், 84 அங்குல அகலம் என்றால் ஏறக்குறைய நாலரை சதுர மீட்டர். பாப்ளின் துணி சதுர மீட்டருக்கு 120 கிராம் என்று வைத்துக்கொண்டால் மேலும் கீழும் சேர்த்து 240. நடுவில் பருத்திப் பஞ்சுத் தகடு ஒரு 150. ஒட்டுத்துணித் தையல்களில் உள்ளே மடிந்து கிடக்கும் துணியையும் சேர்த்தால் காய்ந்த நிலையிலேயே இரண்டு கிலோவைத் தொடும். நனைந்த பருத்தி, பிழியும் வரை, தன் எடையைப் போல இரண்டு மடங்குத் தண்ணீரைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக ஆறு கிலோ ஈரத் துணி. அதைத் தொட்டியிலிருந்து தூக்கி, பின்கட்டுப் படியேறி, கொடியில் போட வேண்டும். மெஷினில் போடலாமே என்றால், தடிமனான போர்வை டிரம்முக்குள் புரள இடமில்லாமல் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். நடுவில் அழுக்கு அப்படியே இருக்கும். அப்புறம் காய வேண்டும். துணி காய்வது வெளிப்பக்கத்தில். நடுவில் இருக்கும் பஞ்சு கடைசியாகத்தான் காயும். இந்த ஊர் ஐப்பசியில் அது காயாது, நாற்றம் பிடிக்கும். துவைக்கச் சிரமமான போர்வையை யாரும் அடிக்கடி துவைக்க மாட்டார்கள். தினமும் முகத்தருகே வருகிற துணிக்கு அது ஆகாது.

அதனால் வடிவம், நிறம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கொடிக்கயிற்றில் இருந்து திட்டத்தைத் தொடங்கினேன். ஒரு ஆள் தனியாகத் தூக்கக்கூடிய எடை. ஒரு நல்ல வெயில் பகலில் காய்ந்துவிடக்கூடிய தடிமன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு குளிருக்கு என்ன செய்வது என்று யோசித்தால் விடை தானாகவே வருகிறது: கெட்டியாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக இரண்டு. நமக்குக் கதகதப்பைக் கொடுப்பது துணிக்குள்ளும் துணிகளுக்கு நடுவிலும் அசையாமல் நிற்கிற காற்றுதான். இரண்டு போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்று போர்த்தினால் அவற்றுக்கு இடையில் ஒரு காற்று அடுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வெக்கையாக இருந்தால் மேலே இருப்பதைத் தள்ளிவிடலாம். துவைக்கும்போது தனித்தனியாகத் துவைக்கலாம்.

இதில் வீட்டு விஷயம் ஒன்றும் தீர்ந்தது. அவருக்கு உடம்பு எப்போதும் சூடு. எனக்கு நவம்பரிலேயே காலுறை வேண்டும். ஒரே தடிமன் இரண்டு பேருக்கும் பொருந்தாது. ஆகவே அடியில் இருவருக்கும் பொதுவாக, ஆண்டு முழுவதும் கட்டிலில் கிடக்கிற மெல்லிய பெரிய போர்வை ஒன்று. அதன்மேல், என் பக்கத்துக்கு மட்டும், கம்பளி வைத்துத் தைத்த ஒற்றைப் போர்வை ஒன்று. இவ்வளவுதான் திட்டத்தின் எலும்புக்கூடு. அவர் பங்குக்கு ஒரு ஒற்றைப் போர்வையும் தைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டவே வேண்டாம் என்கிறார். ஜனவரி வரட்டும், பார்க்கலாம்.

அளவு எடுப்பதில் நான் நிறைய நேரம் செலவழித்தேன். எங்கள் மெத்தை 78-க்கு 60 அங்குலம், கடைகளில் குயின் சைஸ் என்று விற்பது. உயரம் ஆறு அங்குலம். கட்டிலை அழகாக மூடுகிற விரிப்புக்கு அளவெடுப்பது ஒரு கணக்கு. போர்த்திக்கொண்டு தூங்குகிற போர்வைக்கு அது வேறு கணக்கு. விரிப்பு தலையணையையும் மூடி, தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கலாம். போர்வை கழுத்துக்கு மேலே தேவையில்லை. மெத்தை நீளத்தில் தலைப்பக்கம் ஒரு அடியைக் கழித்தால் 66. கால்மாட்டில் மெத்தையின் ஓரம் இறங்கி அடியில் சொருகுவதற்கு 18 அங்குலம் கூட்டினால் 84. அகலத்துக்கு மெத்தை 60, இருபுறமும் ஒரு அடி தொங்க 24, மறுபடியும் 84. இரண்டு பேர் தூங்கும்போது நடுவில் ஒரு பள்ளம் விழும், இரண்டு தோள்களும் மேடாகும். அந்த ஒரு அடித் தொங்கல் இல்லையென்றால் விடியும்போது யாராவது ஒருவர் முதுகு வெளியே இருக்கும்.

நீளமும் அகலமும் சமமாக வந்ததில் எனக்குப் பெரிய திருப்தி. சதுரப் போர்வைக்குத் தலைமாடு, கால்மாடு கிடையாது. ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் ஒரு கால் வட்டம் திருப்பிப் போடலாம். தாடை உரசுகிற ஓரம், கால் உதைக்கிற ஓரம் என்று ஒரே இடம் தேயாமல் நாலு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். தைத்துத் துவைத்ததும் கொஞ்சம் சுருங்கும் என்பதால் வெட்டும்போது 88 அங்குலம் வைத்துக்கொள்வேன்.

அடுத்தது துணி. இங்கேதான் எனக்கு உற்சாகம் பிறந்தது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 45 அங்குல அகலம். 88 அங்குலத் துண்டு இரண்டு வெட்டி அகலவாட்டில் சேர்த்தால் கட்டிலுக்கு ஒரு முழு அடுக்கு. அதற்குப் பிறகும் ஒரு மீட்டர் மிஞ்சும். ஒரு சேலைக்கு ஒரு அடுக்கு! காந்தாக்காரர்களுக்கு இது காலம் காலமாகத் தெரிந்த கணக்காக இருக்க வேண்டும். மூன்று பருத்திச் சேலைகள் இருந்தால் பொதுப் போர்வை முடிந்தது. எடை ஒன்றேகால் கிலோ அளவில் நிற்கும். பஞ்சே வேண்டாம்.

நம் வீடுகளில் பழைய பருத்திச் சேலையின் அருமை தெரியாமல் இல்லை. தூளி கட்ட அதுதான், பிறந்த குழந்தைக்கு விரிக்க அதுதான். துவைத்துத் துவைத்து வந்த மென்மை எந்தப் புதுத்துணிக்கும் கிடையாது. ஆனால் குழந்தை வளர்ந்த பிறகு அது நேரே கரித்துணிக்குப் போகிறது, இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போகிறது. நாலு நல்ல சுங்குடிச் சேலைகளைப் போட்டு ஒரு குழம்புக் கிண்ணம் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. சேலை முழுவதும் ஒரே நேரத்தில் கிழிவதில்லை. காலடி படுகிற கீழ்க்கரை நையும், உட்காருகிற இடம் மெலியும். முந்தானையும் இடுப்பில் செருகின உள்சுற்றும் பல சமயம் புதிது போலவே இருக்கும். ஐந்தரை மீட்டரில் நாலரை மீட்டர் எடுக்கப் போகிறோம் என்பதால் நைந்த இடத்தை ஒதுக்கிக்கொள்ள இடம் இருக்கிறது. சற்று மெலிந்த பகுதி நடு அடுக்குக்குப் போகலாம். இருபுறமும் தாங்க ஆள் உண்டு.

மேலடுக்குக்கு அம்மாவின் செட்டிநாட்டுக் கண்டாங்கி. அம்மா காரைக்குடியில் இருக்கிறாள். போனில் விஷயத்தைச் சொன்னதும், "கட்டுற சேலையை எல்லாம் வெட்டிறாதடி. அரக்குக் கட்டம் ஒண்ணு ரெண்டு தடவை கிழிஞ்சு தச்சிருக்கேன், அதை எடுத்துக்க" என்றாள். கண்டாங்கி கெட்டியான நூல், பெரிய கட்டம், மஞ்சளும் அரக்கும் கறுப்புமாக அழுத்தமான நிறங்கள். புதிதில் மொடமொடவென்று இருக்கும். வருடக்கணக்கில் கட்டிய பிறகு பழகிய துணியாகிவிடும், ஆனாலும் திடமாக இருக்கும். மேலே உரசலைத் தாங்க அது சரியான ஆள். இன்னொரு வசதியும் உண்டு. கையால் நேர்க்கோட்டில் தைக்க வேண்டுமென்றால் சாக்பீஸால் கோடு போட வேண்டும்; கட்டம் போட்ட துணியில் நெய்தவரே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் நீலகிரியிலேயே தோடர் பெண்கள் புத்குளி என்கிற மேல்போர்வையில் போடுகிற சிவப்பு, கறுப்புப் பூவேலைக்கு வரைபடமே கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை ஓட்டுவார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. அவர்கள் கண்ணும் கையும் எனக்கு வராது. கட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போவது எனக்கு வரும்.

நடு அடுக்குக்கு வெளிர் நிறம்தான் வேண்டும். அழுத்தமான நிறமோ பெரிய பூவோ இருந்தால் மெலிந்த மேல்துணி வழியாக நிழலாகத் தெரியும். மாமியாரின் வெள்ளை மல் சேலை ஒன்று இருக்கிறது. ஒரு கிழிசலும் இருக்கிறது. கிழிந்த இடத்தில் அப்பாவின் பழைய வேட்டித் துண்டை வைத்துக்கொள்ளலாம். எட்டு முழ வேட்டியில் முழு அடுக்குக்கு நீளம் போதாது, ஆனால் நடுவில் எங்கே துண்டு போட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. உடம்பில் படுகிற கீழடுக்குக்கு என்னுடைய மதுரைச் சுங்குடி, வெங்காயத் தோல் நிறம், கைக்குழந்தைக்கு விரிக்கலாம் போல அத்தனை மிருது. ஜரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும், கழுத்தில் குத்தும்.

தைப்பதற்கு முன்னால் எல்லாத் துணியையும் துவைத்தாக வேண்டும், பழையதாக இருந்தாலும். நம் சேலைகளில் கஞ்சி இருக்கும். அதை அப்படியே உள்ளே வைத்துத் தைத்தால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து வைத்தது மாதிரி; மாவுச்சத்துதான் அதற்கு உணவு. வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி பிசுக்குப் போகும்வரை அலசுவேன். மல் துணி மட்டும் வெட்டும்போது வழுக்கிக்கொண்டு கோணலாகப் போகும், அதனால் அதற்கு இலேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்து வெட்டித் தைத்துவிட்டு, போர்வை முடிந்ததும் முதல் துவையலில் கஞ்சியை எடுத்துவிடலாம். சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியை அரக்குப் பகுதியில் அழுத்தித் தேய்த்தால் போதும். சாயம் ஒட்டினால் அந்தச் சேலை வெள்ளைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். இந்தக் காலத்துச் சாயங்களுக்கு அதை நம்பி நான் ஒரு சேலையைப் பணயம் வைக்க மாட்டேன். பழந்துணியில் இன்னொரு நிம்மதி, சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். புதுத்துணியைக் கலந்தால்தான் தொல்லை. அது பிறகு தனியாகச் சுருங்கிப் பக்கத்துத் துணியை இழுக்கும்.

ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு பாதிகள் சேர்கிற தையல் நடுவில் ஓடும். மூன்று அடுக்கின் தையலும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே ஒரு வரப்பு எழும்பும், தூக்கத்தில் கைக்குத் தட்டுப்படும். சதுரமாக இருப்பதால் நடு அடுக்கைக் கால் வட்டம் திருப்பிப் போட்டுவிடலாம். மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையில் ஒன்றை மட்டும் சமமில்லாமல் வெட்டினால் தையல்கள் விலகிக்கொள்ளும்.

இனி ஓட்டுத் தையல். மூன்று அடுக்கையும் ஊடுருவி, ஒரு அரிசி நீளத்துக்கு மேலும் கீழுமாக ஊசி போய் வருகிற சாதாரணத் தையல். வரிசைகளை எவ்வளவு நெருக்கமாகப் போடுவது என்பதில்தான் போர்வையின் குணம் இருக்கிறது. உள்ளே தளர்வான பஞ்சு இருந்தால் நெருக்கமாகப் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் துவைத்ததும் பஞ்சு நகர்ந்து முடிச்சு முடிச்சாகும். கடைகளில் கிடைக்கும் பஞ்சுத் தகடுகள் பலவும் ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்திக் கோத்தவை. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் எட்டு அங்குல இடைவெளிகூடத் தாங்கும் என்று உறையிலேயே போட்டிருக்கும். சேலை அடுக்குகளுக்கு நகரும் பயமே இல்லை. நெருக்கமாகத் தைக்கத் தைக்கப் போர்வை கெட்டியாகிக்கொண்டே போகும். உடம்பில் ஒட்டி விழ வேண்டும் என்பதால் நான் ஒரு அங்குல இடைவெளி போதும் என்று முடிவு செய்தேன். வரிசைகள் தலையிலிருந்து கால்வரை நீளவாட்டில் போகும். துணி மடிவது இரண்டு வரிசைகளுக்கு நடுவில் என்பதால், நீளவாட்டில் தைத்தால் தோளைச் சுற்றியும் முதுகைச் சுற்றியும் நன்றாக வளைந்து விழும். குறுக்குவாட்டில் தைத்தால் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடைவெளியில் குளிர் நுழையும். கால் வட்டம் திருப்பிப் போடுகிற மாதங்களில் இது மாறுமே என்று கேட்கலாம். உண்மைதான். குளிர் மாதங்களில் நீளவாட்டிலேயே, தலைமாட்டையும் கால்மாட்டையும் மட்டும் மாற்றிப் போடுவேன். மற்ற மாதங்களில் எப்படித் திருப்பினாலும் பரவாயில்லை.

நூல் கணக்கு: 84 வரிசை, ஒவ்வொன்றும் 84 அங்குலம். ஏறக்குறைய 180 மீட்டர். மேலும் கீழும் போய் வருவதற்கும் முடிச்சுக்கும் சேர்த்து 220 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கர் எம்பிராய்டரி நூல் ஒரு கட்டு எட்டு மீட்டர், ஆறு இழை. மூன்று இழையாகப் பிரித்தால் பதினாறு மீட்டர். பதினான்கு கட்டு வேண்டும். நிறம் மாறிவிடாமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். பாலியெஸ்டர் நூல் வேண்டாம். பழந்துணியைவிட அது பலமானது. இழுபடும்போது நூல் அறுவதற்குப் பதில் துணி கிழியும். அறுந்த நூலை மறுபடி போடலாம், கிழிந்த துணியை அப்படிச் செய்ய முடியாது.

நூறு அங்குல நூலை ஊசியில் கோத்து இழுத்தால் கை வலிக்கும், நூலும் சிக்கும். நடுவில் தொடங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. பாதி நூலைத் தொங்கவிட்டு, நடுவிலிருந்து ஒரு ஓரம்வரை தைத்துவிட்டு, மிச்சத்தை ஊசியில் கோத்து மறு ஓரத்துக்குப் போகலாம். வரிசைகளையும் நடுவிலிருந்து வெளியே நோக்கிப் போட்டால் மேல்துணியில் தேங்குகிற தொய்வு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அதற்கு முன்னால் கூடத்துத் தரையைத் துடைத்து, மூன்று துணியையும் இழுத்து விரித்து, நீள நீளமாக நூலோட்டம் போட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் இரண்டு பேராவது தேவை. பக்கத்து வீட்டு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வரிசைக்கு அரை மணி என்று வைத்தாலும் மொத்தம் நாற்பது மணி நேர வேலை. மாலையில் செய்தி கேட்டுக்கொண்டே செய்யலாம்.

என் குளிர்காலப் போர்வைக்குச் சுருக்கமாகவே எழுதுகிறேன். 60-க்கு 84 அங்குலம். மேலும் கீழும் சேலைத்துணி, நடுவில் பழைய மெல்லிய கம்பளிப் போர்வை. பருத்திப் பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சில்லென்று ஆகிவிடும். கம்பளி ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் கதகதப்பை விடாது. மூடுபனி ஊருக்கு அது பெரிய விஷயம். வேல்ஸ் நாட்டுப் போர்வைகளில் உள்ளே ஆட்டு ரோமமோ பழைய கம்பளிப் போர்வையோ வைத்துத் தைப்பது வழக்கமாக இருந்தது. அங்கேயும் மழையும் குளிரும் சேர்ந்தே வரும். பலமுறை துவைத்த கம்பளியாக எடுத்தால் இனிச் சுருங்க அதில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்க வேண்டும், அடித்துக் கசக்கக் கூடாது. கம்பளி குத்தாமல் இருக்க, உடம்பில் படுகிற பக்கம் சேலையை இரட்டை அடுக்காகப் போடப் போகிறேன்.

இரண்டு போர்வைக்கும் மிஞ்சுகிற துண்டுகளில் கால்மாட்டுக்கு ஒரு சின்ன விரிப்பு, சித்திப் பெண்களின் கவண்டி முறையில். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கும் சித்திகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. அவர்கள் வரைபடம் போடுவதில்லை. பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து மடித்து வைத்து, ஓட்டுத் தையலிலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் நடந்துவிடும். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப் பூ வைப்பார்கள். அது இல்லாமல் கவண்டி முடிந்ததாகாது. இத்தனை கணக்குப் போட்டுத் தைக்கிற எனக்கு, கணக்கே இல்லாமல் கைபோன போக்கில் ஒன்று தைக்க ஆசையாக இருக்கிறது.

நம் வீடுகளுக்கே உரிய பிரச்சினை ஒன்று: தேங்காய் எண்ணெய். ராத்திரி தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தால் போர்வையின் மேல் ஓரம் ஒரு மாதத்தில் கறுத்துவிடும். அந்த ஓரத்துக்காக முழுப் போர்வையையும் வாராவாரம் துவைக்க முடியாது. வெளிநாட்டுப் பழைய போர்வைகளில், ஆண்களின் தாடி உரசுகிற ஓரத்துக்கென்று ஒரு பட்டியைத் தனியாகத் தைத்திருப்பார்கள். அழுக்கானால் பிரித்துத் துவைத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதே மாதிரி ஒரு அடி அகலத்தில் வெள்ளை மல் பட்டி இரண்டு தைத்துக்கொள்வேன். ஒன்று போர்வையில், ஒன்று கொடியில். பெரிய பெரிய தையலாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

வைக்கிற இடத்துக்கும் கொஞ்சம் யோசனை வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமல் பூசணம் பிடிக்கும். பழைய பருத்தித் தலையணை உறைதான் நல்லது. உள்ளே வசம்பு, காய்ந்த வேப்பிலை. பாச்சை உருண்டையின் நாற்றத்தோடு தூங்க என்னால் முடியாது. ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் மடித்தால் மடிப்பில் துணி விட்டுப்போகாது.

ஒவ்வொரு சேலையிலும் மிஞ்சுகிற துணியில் கொஞ்சத்தைத் தனியாகச் சுருட்டி, போர்வையோடு சேர்த்தே துவைத்து வைக்கப் போகிறேன். ஒட்டுப்போடும் நாள் வரும்போது ஒட்டும் போர்வையும் ஒரே அளவு வெளுத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே நைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் பழந்துணியை அடுக்கித் தைக்கிற கோதடி என்கிற போர்வைகளில் பழைய கோதடியே புதியதற்கு நடு அடுக்காகப் போய்விடும். மேலே இன்னொரு சேலை போர்த்தித் தைத்தால் மறுபடி சில வருடங்கள். அப்போது மேலே போட எந்தச் சேலை என்பதையும் நோட்டில் எழுதிவிட்டேன்: கல்யாணமான புதிதில் மாமியார் எடுத்துக் கொடுத்த கோவை கோராப் பருத்தி. போன வாரம்கூடக் கட்டினேன், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.